பால் விலை கட்டுப்படியாகவில்லையா? அரசு தரும் பணத்தைக் கேட்டு வாங்குவது எப்படி

நான் இருப்பது அம்பத்தூரில். அத்தை வீடு ஊத்துக்கோட்டை பக்கம், நாலு கறவை மாடு, இரண்டு கிடேரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, வீடு வீடாக வந்து பால் எடுக்கும் வண்டிக்காரர் லிட்டருக்கு இன்னும் இரண்டு ரூபாய் குறைத்துவிட்டார் என்று அத்தை சொன்னார். ஏன் என்று கேட்டால் பால் பவுடர் விலை இறங்கிவிட்டதாம். "ஏம்ப்பா, நெல்லுக்கு ஆதார விலை இருக்குல்ல, பாலுக்குக் கிடையாதா? கவர்மெண்ட் ஒண்ணும் தராதா?" என்று கேட்டார். எனக்கும் அப்போது பதில் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவரோடு சங்கம், வங்கி, கால்நடை மருந்தகம், கலெக்டர் ஆபீஸ் என்று அலைந்து, அக்கம்பக்கத்தில் ஐந்தாறு பேருக்கு மனுவும் எழுதிக் கொடுத்து, கற்றுக்கொண்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன். திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, சென்னைப் புறநகர்க்காரர்களை மனதில் வைத்து எழுதினாலும், தமிழ்நாட்டில் மாடு வைத்திருக்கும் யாருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

அத்தையின் கேள்விக்கு நேரான பதில்: பாலுக்குக் குறைந்தபட்ச ஆதார விலை கிடையாது. நெல், கோதுமை, பருப்பு, எண்ணெய்வித்துகளுக்கு மத்திய அரசு அறிவிப்பதுபோல் பாலுக்கு யாரும் அறிவிப்பதில்லை. அதனால் தனியார் பால் நிறுவனம் லிட்டருக்கு ஐந்து ரூபாய் குறைத்தாலும் அதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. அரசின் உதவி வேறு மூன்று வழிகளில் வருகிறது. லிட்டருக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை, குறைந்த வட்டிக் கடன், செலவையும் நஷ்டத்தையும் குறைக்கும் மானியங்கள். மூன்றுக்கும் ஒரே ஒரு வாசல்தான், அதன் பெயர் பதிவு. உங்கள் பால் எங்கேயாவது ஒரு கணக்கில் ஏறியிருக்க வேண்டும், உங்கள் மாடு ஒரு எண்ணில் ஏறியிருக்க வேண்டும், பணம் உங்கள் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வண்டிக்காரரிடம் ஊற்றிவிட்டுப் பத்து நாளைக்கு ஒருமுறை கையில் காசு வாங்கிக்கொண்டிருந்த அத்தை இருபது வருஷமாக மாடு வளர்த்தும் அரசின் கண்ணில் பால் உற்பத்தியாளரே இல்லை. இதுதான் எனக்கு மிகவும் வலித்தது.

லிட்டருக்கு 3 ரூபாய்: இதிலிருந்து தொடங்குங்கள்

ஆவின் கொள்முதல் விலை 2022 நவம்பரில் லிட்டருக்கு 3 ரூபாய் உயர்ந்து பசும்பால் 35, எருமைப்பால் 44 ஆனது. அதற்கு மேல் 2023 டிசம்பர் 18 முதல் தமிழ்நாடு அரசு லிட்டருக்கு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. ஆக பசும்பாலுக்கு 38, எருமைப்பாலுக்கு 47. இந்த 3 ரூபாய் யாருக்கு என்றால், பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில், நாம் சொல்லும் பால் சொசைட்டியில், பால் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும். தனியாருக்கு ஊற்றினால் கிடையாது.

3 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். ஒரு மாடு நாளைக்கு 8 லிட்டர் கறக்கிறது என்றால் தினம் 24 ரூபாய், மாதம் 720. ஒரு ஈத்தில் 300 நாள் கறக்கும் என்று சராசரியாக 8 லிட்டரே வைத்தாலும் 7,200 ரூபாய். இரண்டு மாட்டுக்கு 14,400. அத்தை வீட்டில் ஒரு வருஷத்து வைக்கோல் செலவு கிட்டத்தட்ட அதில் அடங்கிவிடும்.

பக்கத்து மாநிலங்களையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மனு எழுதும்போது இது உதவும். கர்நாடகத்தில் கூட்டுறவுக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு மாநில அரசு லிட்டருக்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. மகாராஷ்டிரம் 2024-ல் விலை விழுந்தபோது, தனியார் நிறுவனங்களுக்கு ஊற்றியவர்களையும் சேர்த்து, பசும்பாலுக்கு லிட்டருக்கு 5 ரூபாய் மானியம் கொடுத்தது. மாட்டுக்கு எண் போட்ட காது வில்லை இருக்க வேண்டும், பணம் வங்கி வழியாக மட்டுமே போகும் என்று அங்கேயும் நிபந்தனை வைத்தார்கள். தனியாருக்கு ஊற்றுகிறவர்களையும் சேர்க்க முடியும் என்பதற்கு இது நல்ல முன்னுதாரணம். நம் ஊரிலும் இதைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் அது வரும்வரை சங்கத்தில் சேராமல் காத்திருப்பது நமக்குத்தான் நஷ்டம்.

சங்கத்தில் சேருவது

உங்கள் ஊரில் சங்கம் இருந்தால் காலையில் பால் ஊற்றும் நேரத்தில் போய்ச் செயலாளரைப் பாருங்கள். பகல் 12 மணிக்குப் போனால் பூட்டியிருக்கும். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர் விண்ணப்பம் கேட்டு வாங்கி நிரப்பி, பங்குத் தொகை கட்டி, ரசீது கட்டாயம் வாங்குங்கள். ரசீது புத்தகம் தீர்ந்துவிட்டது, அப்புறம் தருகிறேன் என்றால் மறுநாள் போய் வாங்கிவிட்டு வாருங்கள், விடாதீர்கள்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். வீட்டில் மாட்டைப் பார்த்துக்கொள்வது யாரோ அவர் பெயரிலேயே உறுப்பினர் ஆகுங்கள். பெரும்பாலும் அது பெண்கள்தான். ஆனால் பால் அட்டை மாமா பெயரில் இருக்கும், வங்கிக் கணக்கு மகன் பெயரில் இருக்கும், காது வில்லைப் பதிவு இன்னொருவர் பெயரில் இருக்கும். பிறகு கடனுக்கோ காப்பீட்டுக்கோ போகும்போது மூன்று பெயரும் ஒத்துப்போகாமல் மாசக்கணக்கில் இழுக்கும். அத்தை வீட்டில் இதைச் சரிசெய்யவே எங்களுக்கு நாலு மாசம் போயிற்று.

உறுப்பினர் ஆன பிறகு துணைவிதியை, அதாவது சங்கத்தின் விதிமுறைகளை, கேட்டுப் படியுங்கள். வருஷத்துக்கு இத்தனை நாள், இத்தனை லிட்டர் ஊற்றினால்தான் ஓட்டுரிமை, போனஸ் என்று அதில் இருக்கும். சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டவுடன் பாதிப் பேருக்கு வேலை நடந்துவிடுகிறது.

ஊரில் சங்கமே இல்லையென்றால் பக்கத்து ஊர்ச் சங்கம், அதுவும் இல்லையென்றால் புதிதாகச் சங்கம் தொடங்கச் சொல்லி மாவட்டத்தின் பால்வளத் துணைப்பதிவாளருக்கு மனு. மாடு வைத்திருப்பவர்களின் பெயர், மாட்டு எண்ணிக்கை, தினம் எத்தனை லிட்டர் கிடைக்கும் என்று ஒரு பட்டியல் தயாரித்து எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் கோப்பு நகரும். வெறுமனே 'எங்கள் ஊருக்குச் சங்கம் வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் அது அப்படியே கிடக்கும்.

38 ரூபாய் என்று சொன்னார்கள், எனக்கு 33 தான் வந்தது

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, இதை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அறிவிக்கும் விலை குறிப்பிட்ட தரமுள்ள பாலுக்கு. உங்கள் பாலில் கொழுப்பு எவ்வளவு, கொழுப்பில்லாத திடச்சத்து எவ்வளவு, அதாவது பேட், எஸ்.என்.எப். எவ்வளவு என்று பார்த்து அதற்கேற்றபடி ஏறும், இறங்கும். லாக்டோமீட்டர் டிகிரியையும் பேட்டையும் வைத்துத்தான் எஸ்.என்.எப். கணக்குப் போடுவார்கள். அதனால் தண்ணீர் கலக்காமலேயே பலருக்கு விலை குறைகிறது, இது நிஜம்.

என்ன செய்யலாம்? மடியைக் கடைசி வரை கறந்துவிடுங்கள், முதலில் வரும் பாலில் கொழுப்பு குறைவு, கடைசியில் வரும் பாலில்தான் அதிகம். கன்றுக்குக் கடைசிப் பாலை விட்டுவிட்டு முன்பாலை சங்கத்துக்குக் கொண்டு போனால் பேட் இறங்கத்தான் செய்யும், முதலிலேயே கன்றுக்கு விட்டுவிட்டுப் பிறகு கறந்துகொள்ளுங்கள். சாம்பிள் எடுக்கும் முன் கேனை நன்றாகக் கலக்கச் சொல்லுங்கள், மேலாக எடுத்தால் ஒரு கணக்கு, அடியில் எடுத்தால் ஒரு கணக்கு வரும். காலைப் பாலையும் மாலைப் பாலையும் தனித்தனியாக அளக்கச் சொல்லுங்கள். எஸ்.என்.எப். தொடர்ந்து குறைவாக வந்தால் பெரும்பாலும் தீவனத்தில் கோளாறு, அல்லது வெளியே தெரியாத மடிநோய், அல்லது சித்திரை வைகாசி வெயில். தாது உப்புக் கலவை தினமும் கொடுங்கள், கொட்டகையில் நிழலும் தண்ணீரும் பார்த்துக்கொள்ளுங்கள், மடிநோய்ச் சந்தேகம் இருந்தால் மருந்தகத்தில் காட்டுங்கள்.

முக்கியமாக, ஊற்றிய உடனே அளவு, பேட், எஸ்.என்.எப்., விலை நாலும் அச்சிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பரிசோதனை இயந்திரம் உள்ள சங்கங்களில் இது வரும். இயந்திரம் பழுது என்றால் பால் அட்டையில் கையால் எழுதி வாங்குங்கள். அத்தை இப்போது தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் காலை மாலை இரண்டையும் எழுதிவைக்கிறார். ஒரு முறை பட்டுவாடாவில் 11 நாள் ஊக்கத்தொகை விட்டுப்போயிருந்தது, அந்தக் காலண்டர் தாள்களை வைத்துத்தான் கேட்டு வாங்கினோம். அந்தச் சங்கத்துச் செயலாளர் கெட்டவர் இல்லை, கணக்கு ஏற்றும்போது விட்டுவிட்டார், ஆனால் எழுதிவைக்காத மற்ற மூன்று பேருக்கு எவ்வளவு விட்டுப்போனது என்று அவர்களுக்கே தெரியவில்லை.

கந்து வட்டியிலிருந்து வெளியே வர: கிசான் கிரெடிட் கார்டு

விலை விழும்போது முதலில் நடப்பது என்ன? தீவனக் கடையில் கடன் ஏறும், அப்புறம் இரண்டு வட்டி மூன்று வட்டிக்கு வாங்குவோம், அல்லது வண்டிக்காரரிடமே அட்வான்ஸ் வாங்கிவிட்டு அவர் சொன்ன விலைக்கு ஊற்றுவோம். இந்தக் கட்டிலிருந்து வெளியே வந்தால்தான் சங்கத்துக்கு ஊற்றவே முடியும். அதனால் கடனை மானியத்துக்கு நிகராக நான் பார்க்கிறேன்.

கிசான் கிரெடிட் கார்டு 2018-19 பட்ஜெட்டில் கால்நடை வளர்ப்புக்கும் மீன் வளர்ப்புக்கும் விரிவாக்கப்பட்டது, ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியில் அதற்கான நெறிமுறை வெளியிட்டது. நிலம் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. சொந்தக் கொட்டகையோ வாடகைக் கொட்டகையோ இருந்தால் போதும். வட்டி 7 சதவீதம், ஒழுங்காகத் தவணைக்குள் கட்டினால் 3 சதவீதம் கழித்து 4 சதவீதம். கால்நடைக்கு மட்டும் வாங்கும்போது இந்தச் சலுகை வட்டி 2 லட்சம் வரை. 2025 ஜனவரி முதல் 2 லட்சம் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி.

கணக்குப் பாருங்கள். ஒரு லட்சத்துக்கு இரண்டு வட்டி என்றால் வருஷம் 24,000. இந்தக் கார்டில் ஒழுங்காகக் கட்டினால் 4,000. மிச்சம் 20,000. நாலு மாட்டுக்கு இரண்டு மாத அடர்தீவனம் அதில் வாங்கிவிடலாம்.

ஆனால் இது மாடு வாங்கத் தரும் கடன் கிடையாது. தீவனம், மருந்து, கூலி, கரண்ட் போன்ற நடைமுறைச் செலவுக்கு மட்டும். ஒரு மாட்டுக்கு எவ்வளவு என்பதை மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு நிர்ணயிக்கும். வங்கிக்குப் போகும் முன் உங்கள் மாவட்டத்தில் ஒரு கறவை மாட்டுக்கு எவ்வளவு என்று கால்நடை உதவி மருத்துவரிடமோ, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி அலுவலகத்திலோ கேட்டுக்கொண்டு போங்கள். தொகையைத் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் மேலாளரின் தொனியே மாறுகிறது, நான் கண்ணால் பார்த்தது.

எப்படிப் போவது: உங்களுக்குச் சேமிப்புக் கணக்கு உள்ள வங்கிக் கிளையிலேயே கேளுங்கள். ஒரு பக்க விண்ணப்பம்தான். ஆதார், பான் இருந்தால் பான், இல்லையென்றால் அதற்குப் பதிலாக வங்கி தரும் படிவம், போட்டோ, மாட்டின் காது வில்லை எண்கள், கால்நடை மருத்துவர் தந்த சான்று, பால் சங்கத்திலிருந்து கடைசி ஆறு மாதம் எவ்வளவு ஊற்றினீர்கள் என்ற சான்று. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட வலுவானது, ஏனென்றால் மாதாமாதம் கணக்கில் பணம் விழுவது தெரிகிறது. விண்ணப்பத்தைக் கொடுத்தால் கிளை முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். முழுமையான விண்ணப்பத்தின் மேல் 14 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்பது வங்கிகளுக்குச் சொல்லப்பட்ட கெடு.

எங்களுக்கு ஒரு கிளையில் 'பாலுக்கெல்லாம் இந்தக் கார்டு கிடையாது, நகை இருந்தால் கொண்டு வாங்க' என்றே சொன்னார்கள். எதையும் எழுதித் தரவில்லை. நாங்கள் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில் அதே கிளைக்கு அனுப்பி, நகலை மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் அனுப்பினோம். இரண்டு வாரத்தில் கூப்பிட்டார்கள். 30 நாளாகியும் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், உதவி எண் 14448.

கார்டு கிடைத்த பிறகு ஒன்றை மறக்கக் கூடாது. தவணைத் தேதிக்கு ஒரு நாள் தாண்டினாலும் அந்த 3 சதவீதச் சலுகை போய்விடும். தேதியைச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். மாதாமாதம் பால் பணத்தில் கொஞ்சம் கட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் மூச்சு முட்டாது.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலும் கால்நடைப் பராமரிப்புக் கடன் உண்டு. வங்கிக்குப் போகும் முன் அங்கேயும் ஒரு நடை கேட்டுவிடுங்கள், ஊருக்குள் இருப்பதால் அலைச்சல் குறைவு.

மாடு வாங்க

இங்கேதான் ஏமாறுகிறவர்கள் அதிகம். 'நாபார்டு 25 சதவீத மானியம், 10 மாடு, ஏழு லட்சம்' என்று இன்றைக்கும் வீடியோக்கள் ஓடுகின்றன. அது 2010-ல் வந்த பால்பண்ணைத் தொழில்முனைவோர் திட்டம். 2020-21 முதல் அது நடைமுறையில் இல்லை. நாபார்டு என்பது வங்கிகளுக்குக் கடன் தரும் அரசு வங்கி, அது தனிநபருக்கு நேரடியாகக் கடன் தருவதும் இல்லை. 'நாபார்டில் ஆள் இருக்கிறார், 5,000 கொடுங்கள்' என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் இப்படி 15,000 இழந்தார். அதேபோல தேசியக் கால்நடை இயக்கத்தின் 50 சதவீத மானியம் ஆடு, கோழி, பன்றி, தீவன உற்பத்தி போன்றவற்றுக்குத்தான், கறவை மாடு வாங்க அதில் இடமில்லை.

அப்படியானால் என்ன இருக்கிறது? பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபினர் வகுப்பினருக்கு டாப்செட்கோ என்ற அரசுக் கழகம் வழியாகக் கறவை மாட்டுக் கடன் உண்டு, அது பால் சங்க உறுப்பினர்களுக்குத்தான் தரப்படுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். சிறுபான்மையினருக்கு டாம்கோ. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குத் தாட்கோ, அதில் சி.எம். அரைஸ் திட்டத்தில் திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 3.5 லட்சம் வரை மானியமும், வங்கிக் கடனை ஒழுங்காகக் கட்டினால் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள். நிதி ஒதுக்கீடு வருஷத் தொடக்கத்திலேயே பங்கு போய்விடும், ஏப்ரல் மே மாதத்தில் கேட்பவர்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

என் சொந்தக் கருத்து ஒன்று. விலை விழுந்திருக்கும் நேரத்தில் கடன் வாங்கி மாட்டு எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். இருக்கிற மாட்டைப் பதினைந்து மாதத்துக்கு ஒருமுறையாவது ஈன வைப்பதில் கவனம் வையுங்கள். சினை பிடிக்காமல் தின்று நிற்கும் ஒரு மாடு கறக்கும் இரண்டு மாட்டின் லாபத்தைத் தின்றுவிடும். அரசு மருந்தகத்தில் சினை ஊசியும், கிடேரிக் கன்று மட்டும் பிறக்க வாய்ப்பு அதிகமுள்ள பாலினம் பிரித்த விந்தும் மானிய விலையில் கிடைக்கும், கேட்டால்தான் சொல்வார்கள்.

காது வில்லை, காப்பீடு

12 இலக்க எண் உள்ள அந்த மஞ்சள் வில்லைதான் மாட்டின் ஆதார். கோமாரித் தடுப்பூசி போட வரும்போது இலவசமாகவே குத்திப் பதிவு செய்வார்கள். காது புண்ணாகும் என்று பயந்து விடாதீர்கள், அந்த எண் இல்லாமல் கடனும் இல்லை, காப்பீடும் இல்லை.

காப்பீட்டில் நல்ல மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. 2024-ல் மத்திய அரசு விவசாயியின் பங்கை பிரீமியத்தில் 15 சதவீதமாகக் குறைத்தது, மிச்சம் 85 சதவீதத்தை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்று பிரித்துக்கொள்கின்றன. பிரீமியம் 2,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நாம் கட்டுவது 300. அறுபது எழுபதாயிரம் போகும் மாட்டுக்கு 300 ரூபாய் கட்டாமல் விடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இத்தனை மாடு என்று இலக்கு வைத்திருப்பார்கள், அது முடிந்தால் அடுத்த வருஷம்தான். ஆகவே மருந்தகத்தில் முன்பே பெயர் கொடுத்துவிடுங்கள்.

மாடு இறந்தால் முதலில் செய்ய வேண்டியது கால்நடை மருத்துவருக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் உடனே தகவல். பிரேதப் பரிசோதனை முடியும்வரை புதைக்கக் கூடாது. வில்லையோடு தெரியும்படி போட்டோ எடுங்கள். வில்லை இல்லையென்றால் பணம் இல்லை. மேய்ச்சலில் வில்லை அறுந்து விழுந்திருந்தால் அன்றைக்கே சொல்லி மறுவில்லை போட்டு, புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.

மழை வெள்ளத்தில் மாடு செத்தால் அது வேறு கணக்கு, வருவாய்த் துறை வழியாக வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு பாதிக்கப்பட்டபோது மாட்டுக்கு 37,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்கள். கிராம நிர்வாக அலுவலருக்கு அன்றைக்கே சொல்லி, கால்நடை மருத்துவர் சான்று வாங்கியவர்களுக்குத்தான் சிக்கலில்லாமல் கிடைத்தது. அவசர சிகிச்சைக்கு 1962-க்குப் போன் செய்தால் மருத்துவ ஊர்தி வரும், அதற்குக் காசு கேட்கக் கூடாது.

தீவனச் செலவு

பால் விலையை நாம் ஏற்ற முடியாது, தீவனச் செலவை இறக்க முடியும். பால் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் தீவனம்தான். பத்து சென்ட் இருந்தாலும் கம்பு நேப்பியர் கரணை நடுங்கள், வரப்பில் அகத்தி, வேலிமசால். பசுந்தீவனம் கூடினால் புண்ணாக்கு மூட்டை குறையும். கால்நடைத் துறை மாநிலத் தீவன அபிவிருத்தித் திட்டத்தில் விதை, கரணை, புல் நறுக்கும் கருவிக்கு மானியம் தருகிறது, ஒதுக்கீடு எப்போது வரும் என்று உங்கள் மருந்தகத்தில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செங்கல்பட்டு பக்கத்துக்காரர்கள் பயிற்சிக்குப் போகலாம். மாதவரத்தில் பல்கலைக்கழகமே இருக்கிறது. தீவன அளவு பற்றி சந்தேகம் என்றால் கடைக்காரரைக் கேட்காமல் இவர்களைக் கேளுங்கள்.

நெய், பன்னீர் பக்கம் போகலாமா?

சென்னைக்குப் பக்கத்தில் இருப்பதன் உண்மையான லாபம் இதுதான். பால் கூடுதலாக நிற்கும் மாதங்களில் பன்னீர், நெய், பால்கோவா செய்து விற்கலாம். பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் திட்டத்தில் இயந்திரத்துக்கு 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வங்கிக் கடனோடு சேர்ந்த மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். திருவள்ளூர் மாவட்டத்துக் கொடுவள்ளியில் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது, செய்முறை தெரியாமல் இயந்திரம் வாங்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டுமா என்று கேட்கிறார்கள். முழுப் பாலையும் சங்கத்துக்கே ஊற்றும் உறுப்பினருக்குத் தேவையில்லை. வீடுகளுக்கு நேராக விற்றாலோ பன்னீர் செய்தாலோ பதிவு எடுத்தே ஆக வேண்டும்.

சென்னை மாநகராட்சி எல்லைக்குள் மாடு வைத்திருப்பவர்களுக்கும் காது வில்லை, காப்பீடு, கடன் எல்லாம் பொருந்தும். மாட்டைத் தெருவில் மட்டும் விடாதீர்கள், மாநகராட்சி பிடித்துப் போனால் அபராதம் ஆயிரக்கணக்கில், மூன்று ரூபாய் ஊக்கத்தொகையில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும்.

பணம் வரவில்லையென்றால்

பட்டுவாடா தாமதம், ஊக்கத்தொகை நிலுவை, அளவில் குறை, எதுவானாலும் முதலில் சங்கத்துக்கு எழுத்தில். அடுத்து, சங்கங்களிடமிருந்து பால் எடுக்கும் மாவட்ட ஒன்றியத்தின் பொது மேலாளர். அதற்கடுத்து பால்வளத் துணைப்பதிவாளர். மேலே, மாதவரம் பால்பண்ணை வளாகத்தில் இருக்கும் பால்வளத் துறை ஆணையர். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்தால் எண் போட்டுத் தருவார்கள், அந்த எண்ணை வைத்துப் பின்தொடரலாம். மாதாந்திர விவசாயிகள் கூட்டத்தில் எழுந்து பேசினால் சம்பந்தப்பட்ட அதிகாரி அங்கேயே பதில் சொல்ல வேண்டியிருக்கும். 1100-க்குப் போன் செய்தும் பதியலாம்.

மனுவில் கதை எழுதாதீர்கள். 'உறுப்பினர் எண் இது, இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை இத்தனை லிட்டர் ஊற்றினேன், வரவேண்டிய ஊக்கத்தொகை இவ்வளவு, வந்தது இவ்வளவு, சீட்டு நகல் இணைத்துள்ளேன்' என்று ஐந்து வரி போதும். சங்கம் கணக்குக் காட்ட மறுத்தால் துணைப்பதிவாளர் அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள்: இந்தச் சங்கத்துக்கு எந்தெந்த மாதத்துக்கு எவ்வளவு ஊக்கத்தொகை விடுவிக்கப்பட்டது, எந்தத் தேதியில்? சங்கத்தை நேராகக் கேட்பதைவிட அரசு அலுவலகத்தைக் கேட்பதுதான் வழி, ஏனென்றால் கூட்டுறவுச் சங்கம் தானாகவே அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. கோடை வந்து பால் வற்றும்போது அதே வண்டிக்காரர் திரும்ப வருவார், சங்கத்தைவிட இரண்டு ரூபாய் கூடத் தருகிறேன் என்பார். போன சித்திரையில் அத்தை வீட்டு வாசலுக்கும் வந்தார். அத்தை அவரை உட்காரவைத்து மோர் கொடுத்து, "ஐப்பசியிலயும் இதே விலைன்னு எழுதிக் குடு, ஊத்தறேன்" என்றார். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் பால் சங்கத்துக்குத்தான் போனது, 14 லிட்டர் 200 மில்லி, காலண்டர் தாளில் இருக்கிறது.